புற்றுக்காளானை வேரிலிருந்து அடையாளம் காண்பது: கீழ்மலைக்கும் கூடலூருக்கும் ஒரு கையேடு

பழனி மலையின் கீழ்மலை ஊர்களிலும், நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கமும் மழைக்காலத்தில் மக்கள் தேடிப்போய்ப் பறிக்கும் காட்டுக்காளான் புற்றுக்காளான். பேச்சில் புத்துக்காளான் என்போம், கறையான் காளான் என்றும் சொல்வதுண்டு. சாப்பிடக் கூடாத மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நாய்க்குடை என்று ஒரே பெயர். காளானைப் பழந்தமிழ் ஆம்பி என்று சொல்லும்.

அறிவியலில் இதன் பேரினப் பெயர் டெர்மிட்டோமைசஸ். பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் 1942இல் வைத்த பெயர் இது. தென்னிந்தியாவில் கிடைக்கும் பெரிய வெள்ளை வகைக்கு அவர் நினைவாக டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்று 1979இல் பெயரிட்டவர் நடராஜன். ஆக, புற்றுக்காளான் என்பது ஒரே ஒரு காளான் அல்ல. ஒன்றுக்கொன்று உறவான பல வகைகளின் கூட்டுப் பெயர். அதனால்தான் ஒரு வீட்டில் 'வளையம் இருக்கும்' என்பார்கள், அடுத்த வீட்டில் 'வளையம் இருந்தால் தொடாதே' என்பார்கள். இரண்டு பேர் பார்த்ததும் வேறு வேறு வகையாக இருக்கலாம்.

குட்டி வகை ஒன்றைத் தவிர, இந்த வகைகளுக்கெல்லாம் பொதுவான அடையாளம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. குடையையும் நிறத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இந்தக் கையேடு வேரிலிருந்து தொடங்குவது அதனால்தான்.

கறையானும் காளானும்

கறையான்களில் ஒரு பிரிவு மரத்தையும் சருகையும் தின்று நேரடியாகச் செரிப்பதில்லை. தின்றதை உருண்டைகளாகக் கழித்து, கூட்டுக்குள் அடுக்கி, அதன் மேல் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. பழுப்பு நிறத்தில், மடிப்பும் துளையுமாக, கையில் எடுத்தால் உதிரும் அந்தக் கட்டிதான் காளான் தோட்டம். அதன் மேல் கடுகை விடச் சிறிய வெள்ளை மணிகள் தெரியும். அவை கறையானின் உணவு. மழை இறங்கி மண் நன்றாக ஊறியதும், அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. நாம் பறிப்பது அதன் உச்சியை மட்டும்.

கறையானும் பூஞ்சையும் ஒன்றில்லாமல் ஒன்று வாழாது. புற்றுக்காளானை வீட்டுக் கொட்டகையில் வளர்க்க முடியாததற்கு இதுதான் காரணம். பால் காளான் இதற்குத் தூரத்து உறவு, இரண்டும் ஒரே குடும்பம். அதை வைக்கோல் படுக்கையில் வளர்க்கலாம், இதை வளர்க்க முடியாது. யாராவது 'புற்றுக்காளான் விதை' என்று பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள்.

எங்கே, எப்போது

காளான் வளர்க்கும் கறையானுக்கு வெப்பம் வேண்டும். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் சுற்றிய காப்பித் தோட்டங்களும் காட்டு ஓரங்களும் அதற்கேற்ற இடங்கள். நீலகிரியில் கூடலூர், பந்தலூர், மசினகுடி, குன்னூர்ச் சாலையில் பர்லியார், கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனை. ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அங்கேயும், மன்னவனூர், பூம்பாறை போன்ற மேல்மலை ஊர்களிலும், சோலையிலும் பைன் தோப்பிலும் சீகை மரத்தடியிலும் முளைப்பவை வேறு காளான்கள். பைன் மரத்தடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்தாற்போல் நிற்பது அமானிட்டா மஸ்காரியா, நஞ்சு. ஊட்டி பைன் காட்டில் புற்றுக்காளான் பறித்ததாக யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அதை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பருவம் இரண்டு மலைக்கும் ஒன்றல்ல. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஜூன் தொடங்கிச் சில வாரங்களில் காளான் வரத்து ஆரம்பிக்கும். கீழ்மலைக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. கோடைமழை பலமாகப் பெய்தால் அதற்கு முன்பே ஒரு சுற்று முளைப்பதும் உண்டு. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். இடியோடு வரும் கனமழையும், அதற்குப் பின் வரும் புழுக்கமும்தான் காளானை எழுப்புகின்றன.

அந்தப் புற்றில் இன்னும் கறையான் இருக்கிறதா என்பதற்கு ஈசல்தான் சாட்சி. முதல் மழைக்கு எந்தப் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிறது என்று குறித்து வையுங்கள். அதற்குப் பின் வரும் வாரங்களில் அதையும், அதைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்துத் தரையையும் பாருங்கள். கறையான் விட்டுப்போன புற்றில் புற்றுக்காளான் வராது. அந்தப் பழைய தோட்டத்திலிருந்து கறுப்பு விரல்களாக, குடையே இல்லாத வேறொரு பூஞ்சை முளைக்கும். அதைக் கண்டால் அங்கே தேடுவதை விட்டுவிடலாம்.

மண்மேட்டை மட்டும் தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள். பல கறையான் கூடுகள் மேடே எழுப்பாமல் முழுக்க நிலத்தடியில் இருக்கும். சமதளத்தில், காப்பிச் செடிக்கு நடுவே, ஒரே வட்டத்துக்குள் பத்து இருபது குடைகள் எழுந்து நின்றால் கீழே கூடு இருக்க வாய்ப்பு அதிகம்.

நுழைவதற்கு முன் இடம் யாருடையது என்று பாருங்கள். முதுமலை புலிகள் காப்பகம். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. இவற்றுக்குள்ளும் ஒதுக்குக் காடுகளுக்குள்ளும் அனுமதியில்லாமல் எதையும் எடுப்பது குற்றம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை சுற்றுலா வருகிறவருக்குக் கிடையாது. பட்டா நிலத்திலும் தோட்டத்திலும் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் புற்றில் கை வைக்காதீர்கள். காலை இருட்டு விலகாத நேரத்தில் காட்டுமாடும் யானையும் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். வெளிச்சம் வந்தபின் போங்கள்.

வேரைத் தொடர்வது எப்படி

கூடவே எடுத்துப்போக வேண்டியவை: சின்னக் கத்தி, களைக்கொத்து அல்லது கூர்மையான குச்சி, மூங்கில் கூடை, பழைய செய்தித்தாள், காலில் ஏறும் அட்டைக்கு உப்பு முடிச்சு.

முதல் விதி, காளானைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் தண்டு தரை மட்டத்தில் முறிந்துவிடும். பார்க்க வேண்டிய அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். கையில் இருப்பது வேரில்லாத வெறும் வெள்ளைக் காளான். அதை வைத்து எந்த அனுபவசாலியும் உறுதி சொல்ல முடியாது.

புதிதாகக் காணும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு காளானை மட்டும் முழுதாகத் தோண்டுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணைக் கொத்தி இளக்குங்கள். பிறகு குச்சியால் தண்டை நோக்கி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். தரைக்கு மேலே வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும் தண்டு, தரை மட்டத்தில் சில வகைகளில் சற்றே பருத்து, அதற்குக் கீழே மெலிந்துகொண்டே இறங்கும். இது உண்மையான வேர் அல்ல, தண்டின் நீட்சிதான். நார் நாராக இருக்கும். மேல்தோல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கும், உரித்தால் உள்ளே வெள்ளை. ஒரு சாணிலும் முடியலாம், முழங்கை அளவுக்கு மேலும் போகலாம். நேராக இறங்காமல் கல்லைச் சுற்றி வளைந்தும் போகும். அவசரப்பட்டால் அந்த வளைவில்தான் அறுந்துபோகும்.

வேரின் அடி கறையான் அறையில் போய் முடிய வேண்டும். மண்ணில் கறையான்கள் ஓடத் தொடங்கியதும், வேர் பழுப்பு நிறக் கட்டியில் ஒட்டியிருப்பது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தோட்டத்தை உடைக்க வேண்டிய தேவை இல்லை, உடைத்தால் அந்தக் கூட்டின் அடுத்த விளைச்சலும் கெடும். எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டு மிதித்துவிடுங்கள். புற்றின் ஓட்டைக்குள் கையை விடாதீர்கள், பாம்பும் தேளும் தங்கும் இடம் அது.

வேர் கறையான் கூட்டில் முடியாமல் புதைந்த மரக்கட்டையில் முடிந்தால்? அது ஹைமனோபெல்லிஸ் வகை. அதற்கும் நீண்ட வேர் உண்டு, புதியவர்களைக் குழப்புவது இதுதான். மழையில் அதன் குடை வழுவழுப்பாக இருக்கும், குடைக்கு அடியில் உள்ள இதழ்கள் இடைவெளி விட்டு அகலமாக இருக்கும், அந்த இதழ்களிலிருந்து உதிரும் வித்துத்தூள் சுத்த வெள்ளை. வேர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி.

வேரே இல்லாமல் தண்டின் அடி ஒரு பைக்குள்ளோ கிண்ணத்துக்குள்ளோ உட்கார்ந்திருந்தால் அதோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளுங்கள். அமானிட்டா குடும்பத்தின் அடையாளம் அது. உயிரைக் கொல்லும் காளான்கள் பல அந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. இழுத்துப் பறித்தால் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், தோண்டிப் பார்க்கும் பழக்கம் இங்கே உயிர் காக்கும்.

குடை, இதழ், தூள்

வேர் சரியாக இருந்தால் மேலே உள்ளவற்றைப் பாருங்கள். குடையின் நடுவில் கூர்மையான அல்லது உருண்ட ஒரு முனை இருக்கும். மண்ணைத் துளைத்து வந்த பகுதி என்பதால் மற்ற இடங்களை விடக் கெட்டி, நிறமும் ஒரு படி கூடுதல்: சாம்பல், பழுப்பு, சிலவற்றில் கிட்டத்தட்ட கறுப்பு. விரலால் அழுத்தினால் அந்த முனை அமுங்காது. குடை விரிந்ததும் ஓரங்கள் முனையை நோக்கி நீளவாக்கில் கிழியும். அடி இதழ்கள் நெருக்கமாக, தண்டில் ஒட்டாமல் நிற்கும். மொட்டில் வெள்ளை, விரிந்தபின் லேசான இளஞ்சிவப்பு கலந்த பால் நிறம். தண்டை ஒடித்தால் உள்ளே குழாயாக இருக்காது, நாராகப் பிரியும்.

வகைக்கு வகை உள்ள வேறுபாடு இப்படி. ஹெய்மி பெரியது, வெண்மை, நடுமுனை சாம்பல், தண்டில் கெட்டியான வளையம் உண்டு. கிளிப்பியேட்டஸ் வகைக்குக் குடை பழுப்புச் சாம்பல், முனை ஊசியாகக் கூர்ந்திருக்கும், வளையம் கிடையாது. யூரைசஸ் வகை அகன்ற குடை, நடுவில் அடர் பழுப்பு, வேரின் தோல் கருமை. மைக்ரோகார்ப்பஸ் என்ற குட்டி வகை வேறு மாதிரி. குடை ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், நூற்றுக்கணக்கில் தரையை மூடி வரும். கறையான் வெளியே தள்ளிப் பரப்பிய தோட்டத் துணுக்குகளிலிருந்து முளைப்பதால் அதற்கு நீண்ட வேர் இருக்காது. வேர் என்ற பெரிய சாட்சி இல்லாததாலும், அதே அளவில் நச்சுக் காளான்கள் பல இருப்பதாலும், புதியவர்கள் குட்டி வகையைப் பறிக்கவே வேண்டாம்.

அடுத்து வித்துத்தூள் சோதனை. விரிந்த குடை ஒன்றின் தண்டை அறுத்துவிட்டு, இதழ்கள் கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். குடை காய்ந்திருந்தால் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். டம்ளரால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் குடையை எடுத்தால் கண்ணாடியில் இதழ் கோடுகளாகத் தூள் படிந்திருக்கும். வெள்ளைத் தாளின் மேலும் கறுப்புத் துணியின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தூள் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயலுள்ள பால் நிறத்தில் இருக்க வேண்டும். சாயலே இல்லாத சுத்த வெள்ளையாக இருந்தால் அமானிட்டாவோ ஹைமனோபெல்லிஸோ இருக்கலாம். பச்சையாக இருந்தால் குளோரோபில்லம் மோலிப்டைட்டஸ். துருப் பழுப்போ கறுப்போ இருந்தால் வேறு ஏதோ. தூளே விழவில்லை என்றால் குடை மொட்டாக இருந்திருக்கும், அல்லது முற்றிப் போயிருக்கும். வேறொன்றை வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

இந்தப் பச்சைத்தூள் காளானைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். புல்தரை, மேய்ச்சல் நிலம், குப்பை உரம் போட்ட இடங்களில் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடையாக எழும். மேலே பழுப்புச் செதில்கள் இருக்கும், தண்டில் வளையம் மேலும் கீழும் நகரும். இளசில் இதழ்கள் வெள்ளைதான், முற்றிய பிறகுதான் பச்சைச் சாயம் தெரியும். இளசாகப் பார்த்துப் பறிக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

என்டோலோமா என்ற பேரினத்தின் தூளும் இளஞ்சிவப்பு, நச்சுள்ளவை அதில் உண்டு. அதைத் தூள் சோதனை மட்டும் பிரித்துக் காட்டாது. அதற்கு வேரும் இல்லை, கெட்டியான நடுமுனையும் இல்லை, இதழ்கள் தண்டைத் தொட்டு நிற்கும். மூன்று சோதனையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும் என்பது இதனால்தான்: கறையான் கூட்டில் முடியும் வேர், கெட்டியான நடுமுனை, இளஞ்சிவப்புச் சாயலுள்ள பால்நிறத் தூள். ஒன்று தவறினாலும் கூடைக்குள் போடாதீர்கள். முதல் சில தடவை, தலைமுறையாகப் பறித்துவரும் பளியர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டி, நேரில் ஒப்புதல் வாங்கிய பிறகே சமையுங்கள். செல்போன் படத்தைப் பார்த்துச் சொல்லும் ஆப்பையோ, வாட்ஸ்அப் குழுவையோ நம்ப வேண்டாம். வேரும் தூளும் படத்தில் இருக்காது.

நம்பக் கூடாத சோதனைகள்

மஞ்சள் தூள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நீலமாகும், அரிசி சிவக்கும். இவை எதுவும் நஞ்சைக் காட்டாது. பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பதும் தவறு, நத்தையும் புழுவும் தாங்கும் நஞ்சு மனிதக் கல்லீரலைக் கரைக்கும். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் விஷம் போய்விடும் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அமானிட்டாவின் கொல்லும் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. நல்ல வாசனையும் நல்ல ருசியும் கூடச் சாட்சி ஆகாது.

பறிப்பதும் சமைப்பதும்

அதிகாலையில் மொட்டாக இருப்பது மதியத்துக்குள் விரிந்துவிடும், மறுநாள் புழு வைத்துவிடும். மொட்டும் பாதி விரிந்ததுமே சமையலுக்கு ஏற்றவை. அடையாளம் உறுதியான கூட்டத்தில் மற்றக் காளான்களைத் தரை மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே கத்தியால் அறுத்து எடுக்கலாம். முழுதாக விரிந்தவற்றில் சிலவற்றை நின்ற இடத்திலேயே விடுங்கள். புதிய கறையான் கூடுகளுக்குப் பூஞ்சை பெரும்பாலும் அந்த வித்துகளிலிருந்துதான் போகிறது.

கூடையில் ஒவ்வொரு இடத்துக் காளானையும் தனித்தனித் தாளில் சுற்றி வையுங்கள். சந்தேகமானது ஒன்று கலந்து உடைந்தால் மொத்தக் கூடையும் வீண். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, வீடு போய்ச் சேர்வதற்குள் கொழகொழத்துவிடும், கெட்ட காளான் நல்ல வகையாக இருந்தாலும் வயிற்றைக் கெடுக்கும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த காப்பித் தோட்டத்திலும், வண்டிப் போக்குவரத்து மிகுந்த சாலையோரத்திலும் எடுக்காதீர்கள். மண்ணில் உள்ள உலோகத்தையும் மருந்தையும் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விலைக்கு வாங்குவதானால் வேரோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

வீட்டில் வேர்ப்பகுதியை நறுக்கித் தள்ளி, தண்டின் தோலைக் கத்தியால் சுரண்டி, ஓடும் தண்ணீரில் சீக்கிரம் அலசுங்கள். ஊறப் போட்டால் தண்ணீர் குடித்து ருசி போய்விடும். தண்டை நார்வாக்கில் கிழித்து, குடையைக் கையால் பிய்த்துப் போடுவதுதான் வழக்கம். கால் கிலோ காளானுக்குச் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஐந்தாறு பல், மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன். வெங்காயத்தையும் பூண்டையும் நல்லெண்ணெயில் வதக்கி, காளானைப் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் மூடுங்கள். அதுவே நிறைய நீர் விடும். அந்த நீர் வற்றும்வரை, குறைந்தது 15 நிமிடமாவது வேகட்டும். உப்பை நீர் வற்றியபின் போடுங்கள், முதலிலேயே போட்டால் வற்ற வற்ற உப்புக் கரித்துவிடும். இடித்த மிளகும் சீரகமும் இறக்கும்போது.

பச்சையாகச் சாப்பிடக் கூடாது. முதல் தடவை சாப்பிடுகிறவர் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்தி ஒரு நாள் பார்க்க வேண்டும். நல்ல காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் காட்டுக்காளானே வேண்டாம். சமைப்பதற்கு முன் ஒரு முழுக் காளானை, வேரோடு, தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் எடுத்து வையுங்கள்.

உடம்பு முடியாமல் போனால்

சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வரும் வாந்தி, பேதி, வியர்வை, எச்சில் ஒழுகல் எல்லாமே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்தான். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, சில சமயம் மறுநாள் தொடங்குவதுதான் மிக மோசமானது. அமானிட்டா நஞ்சு அப்படித்தான் வரும். ஒரு நாள் வாந்தி பேதி, பிறகு சரியாகிவிட்டது போல ஒரு தெளிவு, அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். தெளிந்துவிட்டது என்று வீட்டில் உட்காராதீர்கள்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, மோர், எண்ணெய், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். 108க்கு அழையுங்கள். மலையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இறங்க நேரம் பிடிக்கும் என்பதால் காத்திருக்காமல் கிளம்புங்கள். எடுத்து வைத்த காளான், மீந்த குழம்பு, சமையலில் நறுக்கித் தள்ளிய துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சாப்பிட்ட நேரம், முதல் வாந்தி வந்த நேரம், கூடச் சாப்பிட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகாவிட்டாலும் கையோடு அழைத்துப் போங்கள்.